மணலிலிருந்து மின்திரை வரை: ஆசிரியர் பணி கண்ட மாற்றங்கள்



நம் தோட்டப்புறங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வாழும் குடியிருப்புகளிலும் இக்காலத்தில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம். “எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. இனி வாத்தியார் எதற்கு?” என்பதே அந்தப் பேச்சு. இதைச் சிலர் விளையாட்டாகச் சொல்கின்றனர். சிலர் கவலையோடு சொல்கின்றனர். இருபது முப்பது பிள்ளைகளே படிக்கும் சிறிய தமிழ்ப்பள்ளிக்கு ஐந்தாறு ஆசிரியர்கள் வேண்டுமா என்று கணக்குப் பார்த்துக் கேட்பவர்களும் இருக்கின்றார்கள்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகளின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் இது புதிய கேள்வியும் அன்று. பள்ளிக்கூடத்திற்குள் ஒரு புதிய கருவி நுழைந்த ஒவ்வொரு முறையும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஆகவே இதற்குரிய விடையை வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்போம். ஆசிரியரின் கையிலிருந்து எந்த எந்த வேலையைக் கருவிகள் வாங்கிக்கொண்டன, எந்த வேலை அவர் கையிலேயே தங்கியது என்பதை இன்றைய உரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆசிரியரே நூலாக இருந்த காலம்

அச்சு இயந்திரம் பரவுவதற்கு முன்னர்த் தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் திண்ணையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை எழுதிப் பழகினார்கள். கை பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கிடைத்தன. ஓலையில் எழுதுவது எளிதன்று. ஒரு நூலைப் படியெடுக்கப் பல நாள் ஆகும். அதனால் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் என்பது நினைத்துப் பார்க்க இயலாத செய்தியாக இருந்தது.

அந்த நிலையில் நூல் ஆசிரியரின் நினைவில்தான் இருந்தது. அவர் ஓர் அடியைச் சொல்வார். மாணவர்கள் அதைத் திரும்பச் சொல்வார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இப்படித்தான் மனப்பாடம் ஆயின. கூட்டலும் பெருக்கலும் எண்சுவடியின் வழியாக நாவில் ஏறின. பெரிய மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஆசிரியர் ஒப்படைப்பார்.

இந்தப் பழைய பள்ளியை நாம் வெறுமனே புகழ்ந்து பேசுவதற்கில்லை. அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இடமில்லை. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பலர் அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களே. ஆதலால் கல்விக்கருவிகள் பெருகுவதைக் கண்டு நாம் அஞ்சத் தேவையில்லை. கருவிகள் பெருகியபோதுதான் கல்வி நம்மை நோக்கியும் வந்தது. இதை முதலில் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து இலண்டன் சென்ற மணற்பாடம்

இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடந்தது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதன் மேற்பார்வையாளர் ஆனார். ஒரு நாள் அவர் நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். செலவில்லாத அந்த முறையைத் தம் இல்லத்திலும் நடத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. உடனே அவர் மாணவன் ஒருவனையே அழைத்து மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார்.

அந்த அனுபவத்தை அவர் 1797இல் இலண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். “மதராஸ் முறை” என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவிற்று. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இதைப்போன்ற பள்ளியை நடத்தினார். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை, ஏன், ஆயிரம் பிள்ளைகளைக்கூட நிருவகிக்கலாம் என்று அக்காலத்தார் பெருமையோடு பேசினர். பெல் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரோடுதான் விளங்குகிறது.

முறை மலிவானது, உண்மை. எழுத்தறியாத ஏழைப் பிள்ளைகள் பலர் அதனால் எழுத்தறிந்தனர், அதுவும் உண்மை. ஆனால் நாளடைவில் அதன் குறை வெளிப்பட்டது. பிள்ளைகள் சொன்னதைத் திரும்பச் சொன்னார்களே தவிர, பொருளை உணர்ந்துகொள்ளவில்லை. எட்டு, பத்து வயதுச் சிறுவனால் மற்றொரு சிறுவன் எங்கே தடுமாறுகிறான் என்பதை எப்படிக் கண்டுபிடிக்க இயலும்? 1846இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்த ஏற்பாட்டைக் கைவிடத் தொடங்கியது. சற்று மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் கொடுத்து, பல ஆண்டு பயிற்சி அளித்து ஆசிரியராக்கும் வழியை மேற்கொண்டது.

ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த நினைத்த முதல் பெருமுயற்சி இது. அதற்குக் கிடைத்த விடையையும் பார்த்தோம்.

அச்சும் கரும்பலகையும்

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட “தம்பிரான் வணக்கம்” ஆகும். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியாரின் காலத்தில், 1712, 1713ஆம் ஆண்டுகளை ஒட்டி அச்சகம் அமைந்தது. ஆயினும் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்து நடத்தும் நிலை 1835க்குப் பிறகே வந்தது. அதன் பின்னர்தான் தமிழில் பாடநூல்கள் பெருகின.

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாத ஐயரின் வாழ்க்கை இந்த மாற்றத்தை நன்கு காட்டும். அவர் 1870களில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். “பாடம் கேட்டல்” என்றே அக்காலத்தில் வழங்கினார்கள். படித்தல் என்பதைவிடக் கேட்டல் என்பதே பெரிதாக இருந்தது. அதே சாமிநாத ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் பதிப்பித்தார். ஆசிரியரின் காலடியில் அமர்ந்து பெற வேண்டியிருந்த நூல், காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும் நூலாயிற்று.

இதனால் ஆசிரியரின் முதல் வேலை கைமாறியது. நினைவில் வைத்துச் சொல்லும் வேலையை நூல் வாங்கிக்கொண்டது. அப்படியானால் ஆசிரியர் வேண்டாதவர் ஆகிவிட்டாரா? இல்லை. சொல்லுபவராக இருந்தவர் விளக்குபவர் ஆனார். நூலில் இருப்பதைப் பிள்ளையின் அறிவுக்கு எட்டும்படி செய்வது அவருடைய பணியாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பலகை மேல்நாட்டு வகுப்பறைகளுக்குள் வந்தது. அதுவும் பெரிய மாற்றமே. ஒவ்வொரு மாணவனின் கற்பலகையிலும் தனித்தனியே எழுதிக் காட்டியவர், எல்லாரும் காணும்படி ஒரே இடத்தில் எழுதிக் காட்டினார். பல பிள்ளைகளை ஒரு வகுப்பாக உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தும் வழக்கத்திற்குக் கரும்பலகை பெருந்துணை ஆயிற்று. இன்று நாம் பழைமை என்று கருதும் கரும்பலகையும் ஒரு காலத்தில் புதுமைக் கருவிதான்.

தோட்டத்துக் கொட்டகைப் பள்ளி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816இல் பினாங்கில் தொடங்கிய ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பு நடந்தது. மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவது வழக்கம். தோட்டங்களில் பள்ளிகள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதைத் தொடர்ந்து 1923இல் வந்த சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் நிருவாகம் பள்ளி அமைத்துத்தர வேண்டும் என்ற கடமையை ஏற்படுத்தின.

சட்டம் வந்தது, ஆனால் ஆசிரியர் வந்தாரா? பல தோட்டங்களில் கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ ஆசிரியர் ஆனார். ஒரு கொட்டகை, சில பலகைகள், ஒரு கரும்பலகை, ஒரே ஆசிரியர். அதில்தான் எல்லா வகுப்பும் நடந்தன. காலையில் பெற்றோருடன் வெளிக்காட்டுக்குப் போய் வேலை செய்துவிட்டு, பிற்பகலில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு.

அந்த ஓராசிரியர் எப்படிச் சமாளித்தார்? ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார். அடுத்த வகுப்பை வாசிக்கச் சொல்வார். மூன்றாவது வகுப்புக்கு அருகில் உட்கார்ந்து எழுத்தறிவிப்பார். மூத்த பிள்ளையை அழைத்து இளைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து தோட்டத்துக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தான்.

ஆனால் அவருடைய பணி வகுப்பறையோடு முடிந்துவிடவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவர் அவர். துரைக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். 1924இல் தோன்றிய தமிழ் நேசனையும் 1935இல் தோன்றிய தமிழ் முரசையும் லயத்து வாசலில் உரக்கப் படித்துக் காட்டியவர்களில் ஆசிரியர்களே மிகுதி. 1950களில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றத்திற்குப் பிள்ளைகளை எழுதத் தூண்டியவர்களும் அவர்களே. செய்தி வரும் வாயிலாகவும், வெளியுலகத்தைப் பார்க்கும் சாளரமாகவும் ஆசிரியர் ஒருவரே விளங்கினார்.

நாடு விடுதலைக்கு அணியமான காலத்தில் இந்தப் பள்ளிகள் நிலைக்குமா என்ற ஐயமும் எழுந்தது. 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நடக்கும் தேசியப் பள்ளிகளையே பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையோ, எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்து, தமிழ்ப்பள்ளிகளும் தொடர்ந்து நடக்க வழிவிட்டது. 1957இல் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் போனதால், இன்று 520க்கும் சற்று மேற்பட்ட பள்ளிகளே எஞ்சியுள்ளன.

வானொலியும் தொலைக்காட்சியும்

1913இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் எடிசன், பள்ளிகளில் நூல்களுக்கு இனி வேலை இருக்காது, திரைப்படமே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் கூறியபடி நடக்கவில்லை. அடுத்து வானொலி வந்தது. 1924இல் பிரிட்டனின் பி.பி.சி. நிலையம் பள்ளிகளுக்கென ஒலிபரப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் 1966இல் கல்வி அமைச்சின் பள்ளி வானொலி ஒலிபரப்பு தொடங்கிற்று. தமிழும் அதில் இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடக்கம் கண்டது.

மின்சாரம் இல்லாத தோட்டப் பள்ளியில் தொலைக்காட்சிப் பாடம் பார்க்க வேண்டுமானால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். எண்ணெய் இருக்க வேண்டும். படம் தெளிவாக விழ வேண்டும். இத்தனையும் கூடிவந்தால், கடலைக் காணாத பிள்ளை கடலைக் கண்டது, பனிமலையைக் கண்டது. ஆசிரியர் சொல்லால் மட்டுமே காட்ட முடிந்ததைத் திரை கண்முன் காட்டியது. இதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் தொலைக்காட்சியிடமே பள்ளியை ஒப்படைத்துவிடலாமா? அதையும் ஓரிடத்தில் செய்து பார்த்தார்கள். பசிபிக் கடலில் அமெரிக்கச் சமோவா என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே 1964இல் பள்ளிப்பாடங்களின் மையப்பகுதியைத் தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். ஆறு அலைவரிசைகளில் பாடங்கள் ஒளிபரப்பாயின. நிலையத்தில் இருந்த ஆசிரியர் பாடம் நடத்துவார்; வகுப்பறையில் இருந்த உள்ளூர் ஆசிரியர் அதைத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பார். தொடக்கத்தில் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

சில ஆண்டுகளில் சலிப்பு வந்தது. மேல்வகுப்பு மாணவர்களே தொலைக்காட்சிப் பாடம் மிகுதி என்று குறைபட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியிருந்தது. புரியாத இடத்தில் திரையை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது அன்றோ? ஆசிரியர்களும் தங்கள் வகுப்பைத் தாங்களே நடத்த விரும்பினர். 1970களின் நடுப்பகுதிக்குள் தொலைக்காட்சி அங்கே முதன்மை இடத்தை இழந்து, துணைக்கருவி என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அதே 1970களில் மத்திய அமெரிக்க நாடாகிய நிக்கராகுவாவில் வேறொரு முயற்சி நடந்தது. வானொலி வழியாகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வானொலி ஒரு கேள்வி கேட்கும்; சற்று நேரம் காத்திருக்கும்; பிள்ளைகள் உரத்த குரலில் விடை சொல்வார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் ஆசிரியர் பாடத்தைத் தொடர்வார். அந்தப் பிள்ளைகள் கணக்கில் மற்றப் பிள்ளைகளைவிட நன்கு தேறினார்கள்.

சமோவாவில் விலைமிகுந்த கருவி. நிக்கராகுவாவில் விலைகுறைந்த கருவி. ஆயினும் விலைகுறைந்த கருவி பயன்தந்தது. காரணம் என்ன? அது பிள்ளையை வாய்திறந்து விடைசொல்ல வைத்தது. ஆசிரியருக்கு உரிய இடத்தையும் விட்டுவைத்தது. கருவியின் விலையைப் பார்ப்பதைவிட, அது பிள்ளையையும் ஆசிரியரையும் எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

கணினி வந்த பின்னர்

நம் நாட்டில் 1990களின் இறுதியில் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1999இல் 90க்குச் சற்றுக் குறைவான பள்ளிகளில் அது முன்னோடியாக நடந்தது. ஆசிரியர் மேடையில் நின்று உரையாற்றுபவர் அல்லர். பக்கத்தில் நின்று வழிகாட்டுபவர் என்னும் கருத்து அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அதற்காக ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் திரையில் படம் காட்டும் கருவியும், குறுந்தட்டில் அடங்கிய பாடங்களும் தரப்பட்டன. தமிழில் பயின்று தமிழில் கற்பித்து வந்த ஆசிரியர், திடீரென்று வேற்றுமொழியில், புதிய கருவியோடு கற்பிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. குறுந்தட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றால் வகுப்பு ஓடும்; ஆனால் பாடம் ஓடுமா? 2012 முதல் அந்தக் கொள்கை படிப்படியாக மாற்றப்பட்டது. கருவியைத் தருவது ஒரு நாள் வேலை. அதைக் கையாளும் ஆசிரியரை உருவாக்குவது பல ஆண்டு வேலை என்பதே அந்தக் காலம் தந்த பாடம்.

பள்ளிகள் மூடப்பட்ட நாள்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலாமற் போயினர். “ஆசிரியர் நேரில் இல்லாத கல்வி” என்று பலர் கனவுகண்டது ஒரே வாரத்தில் கட்டாயமாகிவிட்டது.

அப்போது கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் இணையப்பாடத்துக்கான எந்தக் கருவியும் இல்லை என்பது அதில் தெரியவந்தது. கருவி வைத்திருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசி மட்டுமே. ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். இந்த நிலைமையை நம் வீடுகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இரவெல்லாம் தங்கிய செய்தியை நாடே அறிந்தது.

அந்த நாள்களில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? நாட்டின் பல பகுதிகளில் பயிற்சித்தாள்களை அச்சிட்டு, கட்டிக்கொண்டு, வீடுவீடாகப் போய்க் கொடுத்தார்கள். இரவு நேரத்தில், அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, பிள்ளையைக் கைப்பேசியில் அழைத்துப் பாடம் சொன்னார்கள். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அரசாங்கமும் கல்விக்கென முழுநேரத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. இணையம் எட்டாத இடத்துக்கு 1972ஆம் ஆண்டின் பழைய கருவியே மீண்டும் துணைக்கு வந்ததைக் காண்கிறோம்.

பள்ளி மீண்டும் திறந்தபோது நாம் கண்டது என்ன? எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த சிறு பிள்ளைகள் படித்ததை மறந்திருந்தனர். வீட்டில் உதவிசெய்ய ஆளிருந்த பிள்ளை முன்னே போயிருந்தது. உதவிக்கு ஆளில்லாத பிள்ளை பின்தங்கியிருந்தது. ஆசிரியர் இல்லாத இடைவெளியால் எல்லாரும் ஒரே அளவில் இழக்கவில்லை. இல்லாதவர் வீட்டுப் பிள்ளையே மிகுதியாக இழந்தது. இதுதான் நாம் அஞ்ச வேண்டிய செய்தி. பணம் படைத்தவர் கருவியையும் வாங்குவார், ஆசிரியரையும் அமர்த்திக்கொள்வார். நமக்கோ பள்ளி ஆசிரியர் ஒருவரே உண்டு.

பதில் சொல்லும் இயந்திரம்

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைப் போன்றவை இன்று பலவாகப் பெருகிவிட்டன. கேட்ட கேள்விக்கு அவை பதில் எழுதித் தருகின்றன. கட்டுரை வேண்டுமா? நொடியில் தரும். கணக்கு வேண்டுமா? வழிமுறையோடு தரும். தமிழிலும் தரும்.

இதில் நன்மை இருக்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத பாடத்தை இரவு பத்து மணிக்கும் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறிய பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக நடத்தும் ஆசிரியர், பயிற்சிகளைத் தயாரிக்கும் வேலையில் துணைபெறலாம். அன்று சட்டாம்பிள்ளை செய்த வேலையில் ஒரு பங்கை இன்று இயந்திரம் செய்யும்.

ஆபத்தும் இருக்கிறது. அந்த இயந்திரம் தவறான செய்தியையும் சரியான செய்தியைப் போலவே தயக்கமின்றிச் சொல்லும். நன்கு படித்தவர் தவறைக் கண்டுகொள்வார். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படிக் கண்டுகொள்ளும்? மேலும், பிள்ளை தானே எழுத வேண்டிய கட்டுரையை இயந்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், தாளில் எழுத்து நிறையும். தலையில் ஒன்றும் நிறையாது. பிறர் மரம் வெட்டி நம் கை பழகுமா? பால் வெட்டக் கற்றுக்கொண்டவர்கள் இதை நன்கு அறிவார்கள். பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி இறங்கலாம், எந்த இடத்தில் மரம் காயப்படும் என்பதைக் கை தானே பழகித்தான் அறிய வேண்டும். பக்கத்தில் நின்று, “அங்கே அழுத்தாதே” என்று சொல்லித்தர ஒருவரும் வேண்டும்.

2023இல் யுனெஸ்கோ நிறுவனம் கல்வியில் தொழில்நுட்பத்தைப் பற்றி ஓர் உலக அறிக்கையை வெளியிட்டது. தொழில்நுட்பம் மாணவர்களின் நன்மைக்கு ஏற்ற வகையில் பயன்பட வேண்டும். அது ஆசிரியரோடு நேரில் பழகிக் கற்பதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில், கருவிகளை மிகுதியாகப் பயன்படுத்திய சுவீடன் நாடு, தொடக்கப்பள்ளிகளில் அச்சுப் பாடநூலுக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் மீண்டும் முதலிடம் தர முனைந்தது. வசதிபடைத்த நாடே நின்று நிதானித்துப் பார்க்கும்போது, நாமும் பார்க்கலாம் அல்லவா?

வரலாறு தரும் விடை

நேயர்களே, இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். நினைவில் வைத்துச் சொல்லும் வேலையை அச்சு நூல் வாங்கிக்கொண்டது. தனித்தனியே எழுதிக் காட்டும் வேலையைக் கரும்பலகை வாங்கிக்கொண்டது. தொலைவிலுள்ள காட்சியைக் கண்முன் காட்டும் வேலையைத் தொலைக்காட்சி வாங்கிக்கொண்டது. செய்தியைத் தேடித்தரும் வேலையையும், பயிற்சியைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் வேலையையும் கணினி வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர் கையில் எஞ்சியிருப்பது எது? இந்தப் பிள்ளை ஏன் இன்று வாய் திறக்கவில்லை என்று பார்ப்பது. காலையில் பசியோடு வந்திருக்கிறதா, கண்பார்வை மங்கலா, வீட்டில் ஏதேனும் துன்பமா என்று அறிவது. விடை தவறென்று மட்டும் சொல்லாமல், எந்த எண்ணத்தால் தவறியது என்று கண்டறிவது. “உன்னால் முடியும்” என்று பிள்ளை நம்பும்படி சொல்வது. இயந்திரம் தரும் விடைகளில் எது மெய், எது பொய் என்று ஆராயப் பழக்குவது. இவை எஞ்சிய வேலைகள் மட்டுமல்ல. தொடக்கத்திலிருந்தே முதன்மையான வேலைகளும் இவைதாம். மற்ற வேலைகளின் சுமையால் இவற்றுக்கு நேரம் கிடைக்காமல் இருந்தது. கருவிகள் அந்தச் சுமையை இறக்கிவைத்தால், ஆசிரியர் இவற்றைச் செய்ய நேரம் பெறுவார். மாறாக, கருவி வந்துவிட்டது என்று காரணம் காட்டி ஆசிரியரையே குறைத்தால், லங்காஸ்டர் காலத்துத் தவறையும் சமோவாவின் தவறையும் மீண்டும் செய்தவர்கள் ஆவோம்.

நாம் செய்யக்கூடியது என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, “எத்தனை கணினி வந்திருக்கிறது?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “அதைக்கொண்டு பாடம் நடத்த எங்கள் ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்ததா? கருவி இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது?” என்றும் கேட்போம். இந்த மூன்று கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பிள்ளையின் மேல் அக்கறை இருந்தால் போதும்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். வேலை முடிந்து வந்து சற்று ஓய்ந்த பிறகு, பிள்ளையை அருகில் அழைத்து, “இன்றைக்கு வாத்தியார் என்ன சொல்லிக்கொடுத்தார்? எனக்கும் சொல்” என்று கேட்போம். கைப்பேசியில் பார்த்ததாக இருந்தாலும், அதைத் தன் சொந்தச் சொல்லில் சொல்லச் சொல்வோம். நமக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருக்கலாம். அதனால் குறையில்லை. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் கற்றுக்கொள்ளும் என்பதைத் திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே நம்மவர்கள் அறிந்திருந்தனர்.

மணலில் எழுதிய எழுத்து காற்றில் அழிந்தது, ஓலை செல்லரித்தது, கரும்பலகை எழுத்தை மாலையில் துடைத்தார்கள், இன்றைய மின்திரையும் நாளை பழையதாகும். எழுதிய விரலைப் பிடித்து நேர்செய்த கை மட்டும் அந்தப் பிள்ளையின் எழுத்தில் என்றும் இருக்கும். அந்தக் கையை நம் பள்ளிகளில் காத்துக்கொள்வோம்.